உள்ளே வரும்போது வலது

செக்காலை ரோட்டில் எங்கள் கடைக்குக்
கடல் வந்ததில்லை.
காதுகுத்து வரும், கண்ணீர் அஞ்சலி வரும்,
அடகுக்கடை ரசீது ஐம்பது ஐம்பதாய் வரும்.
ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிய ஐந்து வரியோடு
கலந்தர் நைனா வந்தார்.

வலசைக்குடாவுக்குள் வருகிற வெளியூர் வல்லங்களுக்காம்.
ஃப்ளெக்ஸ் ஒன்று, நோட்டீஸ் இருநூறு.
"எழுத்து பெருசா வேணும்.
ஆடுற வல்லத்துல நின்னு படிக்கணும்ல."

அடித்தேன்.
ஒன்று: முகத்துவாரத்தில் வலதுபுறம் பார்.
கட்டளை என்றால் அழுத்தம் வேண்டுமே என்று
நானாக ஓர் ஆச்சரியக்குறி போட்டேன்.

திரையை எட்டிப் பார்த்தவர்
சிரிக்கவில்லை.
"பாக்குற பார் இல்லம்மா. கல்லு.
தண்ணிக்கடியில கெடக்குற கல்லு.
நீ போட்டதைப் படிச்சிட்டு ஒருத்தன் வலதுபக்கம் பாத்துக்கிட்டே
நேரா அதுமேல ஏத்துவான்."

பதினோரு வருஷமாய்த் தமிழ் அடிக்கிறேன்.
ஒரே சொல்லில்
கண்ணும் கல்லும் இருப்பது அன்றுதான் தட்டியது.

அழித்தேன். பிறகு, சும்மா இருக்கமாட்டாமல், கேட்டேன்:
யாருக்கு வலது?
உள்ளே வருகிறவனுக்கா, வெளியே போகிறவனுக்கா?

நைனா எழுந்து கடைக்கு வெளியே போனார்.
கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு
மெதுவாக உள்ளே வந்தார்.
வலதுகையில் ஜெராக்ஸ் மிஷின்: "இது பார்."
இடதுகையில் பிரிக்காத பேப்பர் கட்டுகள்: "இது மணல்திட்டு."
நடுவில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூல் பட்டிவலைக் கம்பு,
ராத்திரியில் தெரியாது.
மூலையில் சுழன்ற ஃபேனைக் காட்டி
"இது சோழகம். இது அடிச்சா
நீவாடு பாருக்குத்தான் இழுக்கும்" என்றார்.
மூன்று தடவை வந்து போனார்.
மூன்றாம் தடவை அவருக்குப் பின்னால்
ஆதார் நகல் எடுக்க வந்த அக்கா
வேகமாய் நுழைந்து மிஷினில் முட்டியை இடித்துக்கொண்டு
"யாருய்யா இதை இங்கே வச்சது" என்றாள்.
"அல்லாதான்" என்றார் நைனா.

உள்ளே வரும்போது வலது என்று அடித்தேன்.

ஐந்தாவது வரி:
மூழ்கிய வல்லம் ஒன்று.
பெயர் போடணுமா என்றேன்.
"வெளியூர்க்காரனுக்குப் பேரு எதுக்கு?
ஆழத்தைப் போடு. ஒண்ணரைப் பாகம்."
பாகம் என்றால் எத்தனை அடி என்று நான் கேட்கவில்லை.
இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்,
விரித்த கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

பில் யார் பேருக்கு?
"செய்யதம்மாள்."
போன் நம்பர்?
"அது தண்ணிக்குள்ள கெடக்கு, தாயி."
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

கார்த்திகைப் புயல் எங்களுக்கு
இரண்டு நாள் மின்வெட்டும்
கொப்புடையம்மன் கோயில் பக்கம் விழுந்த ஒரு மரமும்தான்.
மூன்றாம் நாள் நைனா கூப்பிட்டார்.
"ரெண்டாம் நம்பர் தப்பாப் போச்சு. திட்டு நடந்துருச்சு."
எங்கே என்றேன்.
"இன்னும் முடிவு பண்ணல அது."

இருநூறு நோட்டீஸில் அறுபதுதான் கொடுத்திருந்தாராம்.
மீதிக்கு ஒட்ட ஸ்டிக்கர் அடித்தோம்.
தை பிறந்ததும் அதன்மேல் இன்னொன்று.
முதலாளி அந்த ஃபைலை மூடச் சொல்கிறார்.
'குடா கடைசி' என்று பெயர் வைத்தது நான்தான்,
இப்போது 'குடா கடைசி 4' ஓடுகிறது.

நேற்று ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
எல்லாரும் செல்போன் வெளிச்சம் தேடினார்கள்.
நான் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு
இருட்டில் நடந்தேன்,
வெளியே போகும்போது
கல் இடதுபக்கம்.